ஆடுகிறவருக்குக் கவசம் செய்ய போம் சரிவருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மட்டக்களப்புப் படுவான்கரையில் உங்கள் கழகம் இந்தமுறை கோயில் சடங்குக்கு வடமோடிக் கூத்தாகக் கர்ணன் கதையை ஆடப்போகிறது. கர்ணனுக்கும் இன்னும் நான்கு பேருக்கும் மார்புக்கவசம், தோள், கைக்காப்பு வேண்டும். போனமுறை ரெஜிபோமில் வெட்டி ஸ்பிரே பெயின்ற் அடித்தீர்கள், "அடிச்ச மறுகா குழி குழியாக் கரைஞ்சு போச்சு". தப்பிய இரண்டும் ஆட்டத்தில் உடைந்தன. வீடியோக்களில் காட்டும் ஈ.வி.ஏ. போம் இங்கே சரிவருமா, எந்தக் கனம், எந்தப் பசை, பிள்ளைகள் விளையாடும் பழைய போம் பாயில் பூசிப் பார்த்த பெயின்ற் ஏன் வெடித்தது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுக்கும் கட்டத்தில் அதை எப்படிச் சட்டென்று கழற்றுவது என்றும் ஒரு கேள்வி. என் கணிப்பில் அந்தக் கடைசி வரியில்தான் விசயமே இருக்கிறது. வீடியோக்களில் செய்யும் கவசம் நின்று படம் எடுப்பதற்கு. உங்களுக்கு வேண்டியது சுழன்று, குனிந்து, வியர்த்து ஆடுவதற்கு. பொருள் ஒன்றுதான் என்றாலும் வெட்டும் அளவு, ஒட்டும் இடம், பூசும் பூச்சு எல்லாம் அதனால் மாறும்.

முதலில் ரெஜிபோம் ஏன் கரைந்தது என்பது. ரெஜிபோம் என்பது ஊதிப் பெருக்கிய பொலிஸ்ரைரீன். ஸ்பிரே பெயின்றிலும் செருப்புப் பசையிலும் இருக்கும் ரொலுயீன், அசிற்றோன் போன்ற கரைப்பான்கள் அதைச் சீனி போலக் கரைத்துவிடும். அது பெயின்றின் தரக்குறைவு இல்லை, அந்தக் கரைப்பான்கள் உள்ள எந்த நிறுவனத்தின் ஸ்பிரேயும் அதையே செய்யும். ஈ.வி.ஏ. (எதிலீன் வைனைல் அசிற்றேற்) வேறு சாதி. இறப்பர் போல நெகிழும், மூடிய நுண்கண்கள் கொண்டது, தண்ணீரை உறிஞ்சாது, அந்தக் கரைப்பான்களில் கரையாது. சூடு காட்டினால் இளகி, ஆறினால் பிடித்த வடிவிலேயே நிற்கும். கவசத்துக்கு உதவுவது இந்தக் கடைசிக் குணம்தான். ஆகவே சரிவருமா என்ற கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்லலாம்.

ஆனால் கடையில் "போம்" என்று கேட்டால் நான்கு விதமான சாமான் கைக்கு வரும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். ஈ.வி.ஏ.யில் தடம் விழுந்து சில நொடிகளில் மெல்ல மேலெழும். பொதி சுற்றி வரும் வெள்ளைப் பொலித்தீன் போம் என்றால் அழுத்தும்போது ஒரு மொறுமொறுப்பு கேட்கும், மேற்பரப்பு வழுக்கும். அதில் பசையும் நிற்காது பெயின்றும் நிற்காது, இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மெத்தைப் பஞ்சு அழுத்தியதும் அமுங்கி உடனே எழும். அது உள்ளே மெத்து வைக்க மட்டும் உதவும். ரெஜிபோம் மணிமணியாக உதிரும். பிள்ளைகள் விளையாடும் பொருத்துப் பாய்களில் பெரும்பாலானவை ஈ.வி.ஏ. காத்தான்குடி, கல்முனைக் கடைத்தெருக்களில் விளையாட்டுச் சாமான் கடைகளில் இவற்றைத் தேடுங்கள். கைவேலைக்கு வரும் இரண்டு மில்லிமீற்றர் வண்ண சீற்றுகளைப் புத்தகக் கடைகளில் கேளுங்கள். ஐந்து ஆறு மில்லிமீற்றர் சீற்றுத்தான் கிடைப்பது கஷ்டம். செருப்புத் தைப்பவர்களிடம் உள்ளடி சீற் எங்கே எடுக்கிறார்கள் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டியதுதான்.

பாயின் அடர்த்தியையும் பாருங்கள். அறுபது சென்டிமீற்றர் சதுரம், பத்து மில்லிமீற்றர் கனமுள்ள ஒரு துண்டு ஏறத்தாழ 360 கிராம் இருந்தால் ஒரு கனமீற்றருக்கு 100 கிலோ என்று கணக்கு. கவசத்துக்கு அது நல்ல அடர்த்தி. அதே அளவுத் துண்டு 200 கிராமுக்குக் கிட்ட நின்றால் அது காற்றுத்தான். வெட்டினால் ஓரம் பிய்யும், சூட்டில் சுருங்கும். புதுப் பாய்களில் வரும் மணத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சில பாய்களில் போர்மமைட் என்ற இரசாயனம் எஞ்சியிருந்ததால்தான் 2010 இன் இறுதியில் பெல்ஜியமும் பிரான்ஸும் அவற்றின் விற்பனையில் கைவைத்தன. வாங்கியதும் உறையைப் பிரித்து நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் தொங்கவிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அளவுக் கணக்கு இது. மார்பு, முதுகு, இரண்டு தோள், இரண்டு கைக்காப்பு கொண்ட ஒரு முழுச் சோடிப்புக்கு அறுபது சென்டிமீற்றர்ப் பாய் மூன்று போதும். அதில் மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒன்று. மேலே வரும் பூவேலைக்கு இரண்டு மில்லிமீற்றர் சீற் ஏ4 அளவில் ஆறோ எட்டோ வேண்டும். பசை கால் லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு எல்லாம் சேர்ந்தும் நிறை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எங்கோ தேவையில்லாமல் இரட்டித்திருக்கிறீர்கள். கனம் என்று வந்தால், மார்புக்கும் கைக்காப்புக்கும் ஐந்து ஆறு மில்லிமீற்றர்தான் என் தெரிவு. பத்து மில்லிமீற்றர் தோளின் மேல்விளிம்புக்கும் கிரீடத்தின் அடிப்பட்டைக்கும் போதும். பத்து மட்டுமே கிடைத்தால் அதையே பாவிக்கலாம். வளைய வேண்டிய இடத்தில் பின்பக்கத்தில் பாதி ஆழத்துக்கு வி வடிவக் கீற்றுகளை விரலளவு இடைவெளியில் எடுத்துவிடுங்கள், வளைந்து கொடுக்கும்.

இனி அச்சு. வேலையில் பாதி இதில் இருக்கிறது, பலர் மினக்கெடாத இடமும் இதுதான். ஆடப்போகிறவரை அன்றைக்கு உடுக்கப்போகிற சட்டை, இடுப்புக்கட்டு, கரப்புடுப்போடேயே (வளையம் வைத்து இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் உடுப்பு) நிறுத்துங்கள். வெறும் மேலில் எடுத்த அளவு அரங்கேற்றத்தன்று பற்றாது. உணவு சுற்றும் மெல்லிய பொலித்தீனை உடம்பில் இரண்டு சுற்று சுற்றி, மேலே அகலமான ஒட்டுநாடாவை (ரேப்) துண்டு துண்டாக ஒட்டுங்கள். இறுக்காதீர்கள், மூச்சை நன்றாக உள்ளிழுத்து நெஞ்சு விரிந்த நிலையில் ஒட்ட வேண்டும். பிறகு கழுத்தின் கீழ்க்குழியிலிருந்து நேர்கீழாக நடுக்கோடு, கமுக்கட்டு வளைவு, தோள் எல்லை, அடி எல்லை ஆகியவற்றை மார்க்கரால் வரையுங்கள். அடி எல்லைதான் முக்கியம். வீடியோவில் கவசம் இடுப்புவரை வரும். உங்களுக்கு அது தொப்புளுக்கு நான்கு விரற்கடை மேலே முடிய வேண்டும். அதற்குக் கீழே நீண்டால் ஆட்டக்காரர் குனியும்போதும் தாழ்ந்து ஆடும்போதும் இடுப்புக்கட்டு கவசத்தை மேலே தள்ளும், கழுத்து விளிம்பு தொண்டையில் குத்தும். கரப்புடுப்பு சுழலும்போது அதன் மேல்வளையமும் வந்து தட்டும். கமுக்கட்டையும் தாராளமாக வெட்டுங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கச் சொல்லி, எந்த இடத்தில் ரேப் மடிகிறதோ அந்த இடம் முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

வரைந்த கூட்டை முதுகுப்பக்கம் வெட்டிக் கழற்றி, நடுக்கோட்டில் இரண்டாக்கி, ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதியை இதையே புரட்டி வரைவோம். மனித உடம்பு இரண்டு பக்கமும் ஒன்றில்லை, கவசம் ஒன்றாக இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். அந்தப் பாதி தட்டையாகப் படுக்காமல் எழும்பி நிற்கும் இடத்தில் வெட்டுவிட்டுப் படுக்கவையுங்கள். அப்போது விரியும் ஆப்பு வடிவ இடைவெளிதான் உங்கள் தையல் மூட்டு. இன்னொரு சுலப வழியும் உண்டு. இரண்டு பாதியும் சேரும் நடுவிளிம்பை நேர்கோடாக வெட்டாமல், முலைக்காம்பு மட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீற்றர் வெளித்தள்ளிய வில்லாக வெட்டினால், ஒட்டியதும் நெஞ்சு தானாக எழும்பி வரும். மூட்டு வரும் விளிம்புகளில் ஐந்து சென்டிமீற்றருக்கு ஒன்று குறுக்குக் குறி போட்டு, அதைப் போமிலும் பெயர்த்துக்கொள்ளுங்கள். வளைவும் வளைவும் சேரும்போது கண்ணை நம்பினால் ஒரு பக்கம் அரை விரல் மிஞ்சி நிற்கும்.

உருளையாகச் சுற்றும் துண்டுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. போமின் கனத்தை மூன்றால் பெருக்கி, உடம்பின் சுற்றளவோடு கூட்ட வேண்டும். முன்கை சட்டையோடு இருபத்தேழு சென்டிமீற்றர், போம் ஆறு மில்லிமீற்றர் என்றால் வெட்டும் நீளம் இருபத்தொன்பதுக்குக் கிட்ட வரும். சுற்றும்போது வெளிமுகம் இழுபட்டு உள்முகம் ஒடுங்கும், ஒடுங்குகிற அந்த அளவைத்தான் இப்படி ஈடுசெய்கிறோம். பத்து மில்லிமீற்றரில் கிரீட அடிப்பட்டை செய்தால் தலைச் சுற்றளவோடு மூன்று சென்டிமீற்றர். உள்ளே மெத்து வைப்பதானால் மெத்தின் கனத்துக்கும் தனியாக இடம் விட வேண்டும்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பேப்பர் கட்டரில் புது அலகு போட்டு, நிமிர்த்திப் பிடித்து, நீளமாக இழுங்கள். அறுக்கக் கூடாது. முதல் இழுப்பில் பாதி, இரண்டாவதில் மீதி. ஈ.வி.ஏ. அலகின் கூர்மையை வேகமாகத் தின்னும், ஓரம் பிசிறத் தொடங்கினால் கை சரியில்லை என்று நினைக்காமல் அலகின் நுனியை உடையுங்கள். இரண்டு துண்டு முனைகூடும் இடத்தில் மட்டும் அலகை நாற்பத்தைந்து பாகை சாய்த்து வெட்ட வேண்டும்.

சூடு காட்டுவது ஒட்டுவதற்கு முன். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது, ஏனென்றால் பசை சூட்டில் இளகி மூட்டு வாய்பிளக்கும். சூடான காற்று ஊதும் ஹீற் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் காட்டுங்கள். மங்கலாக இருந்த மேற்பரப்பு மெல்லிய பளபளப்புக்கு மாறும் நேரம்தான் சரியான நேரம். தடித்த கையுறை போட்டு முழங்காலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ வைத்து, வேண்டியதைவிடச் சற்று அதிகமாக வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள், விட்டதும் கொஞ்சம் திரும்பும். வினாகிரி மணம் வந்தால் போம் கருகத் தொடங்கிவிட்டது, உடனே விலக்கி வெளியே வாருங்கள். ஹீற் கன் இல்லாவிட்டால் ஐந்து மில்லிமீற்றர்வரை அயன் பெட்டியே போதும். நடுத்தரச் சூட்டில், இடையில் எண்ணெய்த்தாள் வைத்து, பத்து நொடி அழுத்தி எடுத்து வளைக்கலாம். தலைமுடி உலர்த்தும் கருவி இரண்டு மில்லிமீற்றர் சீற்றுக்கு மட்டும்தான். அடுப்பு நெருப்பில் நேரே காட்டுவதை யார் சொன்னாலும் கேளாதீர்கள். ஒரு பக்கம் இளக மற்றப் பக்கம் பற்றிக்கொள்ளும்.

இதே சூட்டை அலங்காரத்துக்கும் பயன்படுத்தலாம். மேற்பரப்பில் கனத்தின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கட்டரால் கோடு கீறி அதன்மேல் சூடு காட்டினால், கீறல் வாய்விரிந்து உளியால் வெட்டிய பள்ளம் மாதிரி நிற்கும். கொடிவேலை, செதில், பட்டைக் கரை எல்லாம் இப்படி எடுக்கலாம். ஒட்டிச் சேர்க்கும் வேலையில் பாதி குறையும், நிறையும் ஏறாது.

பசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. செருப்புத் தைப்பவர்கள் பூசுகிற, தேன் நிறமான, இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் பசைதான். பிழை வருவது பெரும்பாலும் பொறுமையில். வெட்டுமுகம் நுண்கண்கள் திறந்த முகம், முதல் பூச்சைக் குடித்துவிடும். ஆகவே மெல்லிதாகப் பூசி, அது காய்ந்ததும் இரண்டாவதும் மெல்லிதாகப் பூசி, விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாமல் வரும்வரை பொறுங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது பத்து நிமிடத்தில் ஆகிவிடும். மாரியில், ஈரக்காற்றில், இருபத்தைந்து முப்பது நிமிடம் எடுக்கலாம். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் உள்ளே கரைப்பான் அடைபட்டு, ஒட்டியது போல இருந்து மறுநாள் வழுக்கிக் கழன்றுவிடும். சேர்க்கும்போது முதலில் இரண்டு நுனி, பிறகு நடு, பிறகு குறிக்குக் குறி. ஒருமுறை தொட்டால் பிடித்ததுதான், நகர்த்த முடியாது. சேர்த்தபின் மூட்டு முழுவதையும் இரண்டு பெருவிரலால் நசித்து, ஒரு நாள் வளைக்காமல் வையுங்கள். ஒட்டுவதைத் திறந்த விறாந்தையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் விளக்கு, அடுப்பு, நுளம்புத்திரி எதுவும் கூடாது. அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். கழகத்துச் சின்னப் பொடியன்களை அந்த வேலைக்கு விடாதீர்கள்.

குளூ கன்னை எல்லாரும் விரும்புவது அது உடனே பிடிப்பதால். ஆனால் அந்தப் பசைக்குச்சியும் சூட்டில் இளகும் சாதிதான். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் ஒரு மத்தியானம் கிடந்த கவசத்தின் குளூ கன் மூட்டை அன்று பின்னேரம் நம்ப முடியாது. பூ, மணி ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள், மூட்டுக்கு வேண்டாம். சூப்பர் குளூ பிடிக்கும், ஆனால் காய்ந்தால் கண்ணாடி போல விறைத்து வளைவில் முறியும். ஆட்டத்தன்று அவசரத்துக்கு ஒரு சின்னக் குப்பி பெட்டியில் இருக்கட்டும். பலகை ஒட்டும் வெள்ளைப் பசை போம் மூட்டில் பிடிக்காது.

மூட்டில் இடைவெளி தெரிந்தால் பெயின்ற் பூசக்கூடிய அக்ரிலிக் சீலன்ற்றை நிரப்பி ஈரவிரலால் நீவிவிடுங்கள். சிலிக்கன் வாங்கிவிடாதீர்கள், அதன்மேல் எந்தப் பூச்சும் நிற்காது.

இனிப் பெயின்ற் வெடித்த விசயம். நீங்கள் பூசியது எனாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுக்கும் கிராதிக்கும் பூசும் எனாமல் காய்ந்தால் விறைத்த தோல் ஆகும். அடியில் போம் வளையும், மேலே தோல் வளையாது, ஆகவே வெடிக்கிறது. கூடப் பூசினால் தாங்கும் என்று இரண்டாம் கை, மூன்றாம் கை பூசுவார்கள், தடிக்கத் தடிக்க வெடிப்பு கூடும். தீர்வு, போமுக்கும் நிறத்துக்கும் இடையில் நெகிழும் ஒரு பூச்சு. முதலில் முழுத் துண்டுக்கும் மேலோட்டமாகச் சூடு காட்டி நுண்கண்களை மூடுங்கள், அதனால் பூச்சும் மிச்சம். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் இறப்பர் ஸ்பிரேயைத் தேடி அலைய வேண்டாம். மொட்டைமாடிக்குப் பூசும் நெகிழும் அக்ரிலிக் வோட்டர்புரூஃப் பூச்சில் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, மூன்று மெல்லிய கை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் பூசுங்கள். தூளும் திரவமுமாக இரண்டு பொதியாக வருவது சீமெந்துக் கலவை, அது உடையும். ஒற்றை வாளியாக வருவதையே கேளுங்கள். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வளையாத கிரீடத்துக்கு அது போதும். மார்புக்கவசத்தில் வியர்வை பட்டால் திரும்ப இளகிப் பிசுபிசுக்கும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பூச்சு விசயத்தில் மட்டும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். வாளிக்கு வாளி நெகிழ்வு மாறும், பாய்க்குப் பாய் பிடிப்பும் மாறும். ஆகவே முழுக் கவசத்தில் கைவைக்கமுதல் மூன்று சென்டிமீற்றர் அகலம், ஒரு சாண் நீளமுள்ள கழிவுத்துண்டில் அடிப்பூச்சு, நிறம், மேற்பூச்சு மூன்றையும் முறைப்படி பூசி, இரண்டு நாள் காயவிட்டு, தும்புத்தடியைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். மயிர்க்கோடு விழாவிட்டால் அதே முறையில் போகலாம். விழுந்தால் ஒரு கையைக் குறைத்து இன்னொரு துண்டில் பாருங்கள்.

நிறத்துக்கு அக்ரிலிக் போதும். முழுவதும் கறுப்புப் பூசி, அதன்மேல் பொன் நிறத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தட்டுங்கள். பள்ளத்தில் கறுப்பு நின்றால்தான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உலோகம் போலத் தெரியும். பொன்னையே முழுக்கப் பூசினால் மஞ்சள் துணி மாதிரி இருக்கும். களரியில் (கூத்தாடும் இடத்தில்) என்ன வெளிச்சம் போடுகிறீர்களோ அதே வெளிச்சத்தில், இரவில், இருபது அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு நிறத்தை முடிவுசெய்யுங்கள். பகலில் அழகாக இருந்த வெள்ளி, மஞ்சள் பல்புக்குக் கீழே சாம்பலாகப் போவது உண்டு.

இங்கே ஒரு அபிப்பிராயம். வீடியோவில் வரும் கவசங்கள் ஐரோப்பிய இரும்புத் தகட்டுக் கவசத்தின் சாயல் கொண்டவை. நம் வடமோடி உடுப்புக்கு ஒரு முறை இருக்கிறது: கரப்புடுப்பு, கிரீடம், புயமுடி (தோளணி), மார்புப்பதக்கம், கண்ணாடித்துண்டும் மினுக்கத்தாளும் மணியும் பதித்த வேலை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனார். அப்படி மேடை மாறியபோதும் பார்த்தவுடன் வடமோடி என்று தெரிவதற்கு உடுப்பும் ஒரு காரணம். போம் அந்த வேலைக்கு அடித்தளமாக மட்டும் இருக்கட்டும். மேலே கண்ணாடியும் சரிகைக்கரையும் வரட்டும். எந்தப் பாத்திரத்துக்கு என்ன நிறம், எவ்வளவு உயரக் கிரீடம் என்பதைக் கூத்தைப் பழக்கும் உங்கள் அண்ணாவியாரிடம் கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். அதில் என் சொல்லுக்கு இடமில்லை. கண்ணாடி ஒட்டும்போது மட்டும் ஒன்று. சின்னச் சின்ன வட்டங்களாகவே ஒட்டுங்கள், பெரிய துண்டு வளைவில் கழன்று விழும். வெறுங்காலோடு ஆடும் களரியில் அது ஆபத்து.

புயமுடியை மார்போடு ஒட்டவே கூடாது. ஒரு அங்குல அகல இலாஸ்ரிக்கால் கழுத்துப்பக்கம் ஒரு புள்ளி, மேற்கையைச் சுற்றி ஒரு புள்ளி என்று தொங்கவிட்டால் கை தூக்கும்போது அதுவும் சேர்ந்து எழும்பும். முதுகுக்கு முழுத் தகடு தேவையில்லை என்பதும் என் எண்ணம். ஈ.வி.ஏ. காற்றை விடாது. முன்னும் பின்னும் மூடி ஒரு மணித்தியாலம் ஆடினால் ஆள் களைத்துப்போவார். முதுகில் இரண்டு குறுக்குப் பட்டி போட்டு, நடுவில் ஒரு பதக்கம் வைத்தால் பார்வைக்கும் குறையாது, மேற்சொன்ன மூன்று பாயில் ஒன்று மிச்சமாகும். உள்ளே பருத்திச் சட்டையில்லாமல் யாரும் உடுக்கக்கூடாது. தீப்பந்தம், கர்ப்பூரம், வாணம் உள்ள இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஈ.வி.ஏ. பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டே எரியும். பந்தம் பிடிக்கும் பாத்திரத்துக்குப் போம் கைக்காப்பு போடாதீர்கள்.

இனிக் கர்ணன். அவனுடையது பிறவியோடு வந்த கவசம். ஆகவே மற்ற நால்வருக்கும் போல் பட்டியும் பக்கிளும் வெளியே தெரியக்கூடாது, தோளோடும் சேராமல் மார்பு மட்டும் தனியாக இருக்க வேண்டும். வெல்குரோவைத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். கழற்றும்போது வரும் கிழிசல் சத்தம், மத்தளம் ஓய்ந்து பாட்டு மட்டும் போகும் இடத்தில், பார்ப்பவரைச் சிரிக்கவைத்துவிடும். நான் சொல்லும் முறை இது. உள்ளே இறுக்கமான கையில்லாச் சட்டை ஒன்று தையுங்கள். அதன் தோள்களில் தட்டையான கம்பி வளையம் இரண்டு, கவசத்தின் மேல்விளிம்பின் பின்னால் கீழ்நோக்கிய கொளுக்கி இரண்டு. முழு நிறையும் இந்தக் கொளுக்கியில் தொங்கும். அடிவிளிம்பின் இரு மூலையிலும் பதினைந்து மில்லிமீற்றர் விட்டம், மூன்று மில்லிமீற்றர் கனமுள்ள நியோடிமியக் காந்தம் ஒவ்வொன்று, சட்டையில் அதற்கு நேரே சோடிக் காந்தம். காந்தம் பக்கவாட்டில் சுலபமாக வழுக்கும் என்பதால் நிறையை அதில் ஏற்றக்கூடாது, கவசம் அடிக்காமல் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. போமின் பின்பக்கத்தில் மூன்று மில்லிமீற்றர் குழி தோண்டி, ஒட்டும் முகத்தை முதலில் சரிபார்த்துக் குறித்து, எபொக்சியால் பதித்து, மேலே துணித்துண்டு ஒட்டுங்கள். முகம் மாறிப் பதித்தால் காந்தம் தள்ளும், தோண்டி எடுப்பது பெரிய வேலை. இந்தக் காந்தங்கள் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. விழுங்கினால் குடலைத் துளைக்கும்.

கழற்றுவது இரண்டே அசைவு. கத்தியை அடிவிளிம்புக்குள் விட்டு முன்னே இழுத்தால் காந்தம் விடும், மேலே தூக்கினால் கொளுக்கி விடும். இரண்டுக்கும் பாட்டில் இடம் பார்த்து அண்ணாவியாரோடு தாளத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். உட்சட்டையின் மார்புப்பகுதியைச் சிவப்புத் துணியில் தைத்துவிட்டால் கவசம் போன இடம் என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குண்டலத்தைக் காதில் மாட்டாமல் கிரீடத்தின் பக்கப்பட்டியில் சின்னக் கொளுக்கியில் தொங்கவிடுங்கள், ஒரு இழுப்பில் வரும், கிரீடமும் அசையாது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும்போது கொளுக்கி எழும்புகிறதா என்பதை ஆடி வியர்த்த பிறகே சோதித்துப் பாருங்கள். எழும்பாவிட்டால் வளையத்தை ஒரு விரற்கடை முன்னுக்கு, நெஞ்சுப்பக்கமாக மாற்றித் தைத்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள்.